நான்கு மணி நேர முத்து



2020 ஏப்ரல் 21. சிங்கப்பூரில் கொரோனா கட்டுப்பாடுகள் மேலும் இறுகிய நாள். சாப்பாடு இல்லாமல் பானம் மட்டும் விற்கும் தனிக் கடைகள் அன்றிரவு 11.59 மணிக்குள் மூடிவிட வேண்டும் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த சற்று நேரத்தில் குளிர்ந்த பால் டீயில் மரவள்ளி மாவு முத்துகளைப் போட்டுத் தரும் பபிள் டீ கடைகளின் முன்னால் ஊர் முழுக்க வரிசை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கடைசியாக ஒரு கோப்பை வாங்கிவிட வேண்டும் என்று ஜனங்கள் காத்து நின்றார்கள். கடைகள் மூடிக் கிடந்த நாட்களில் அதே நகரத்தில், மரவள்ளி மாவைப் பிசைந்து வீட்டிலேயே முத்து உருட்டும் செய்முறைகள் கைக்குக் கை பரவின.

பெருந்தொற்று நேரத்தில் ஒரு டீக்கு இத்தனை பாடா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கலாம். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு நியாயம் இருந்தது. அரிசியை மூட்டையாக வாங்கி அடுக்கிவிடலாம், பருப்பையும் அப்படியே. பபிள் டீயை அடுக்கிவைக்க முடியாது. வாங்கிய அன்றே, வாங்கிய கையோடு குடித்தாக வேண்டும். அதற்குள் கிடக்கும் முத்தின் ஆயுள் மணிக்கணக்குதான். அதனாலேயே இது கடையைவிட வீட்டுக்குத் தோதான பானம். இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

இந்தப் பானம் பிறந்த நாடு தைவான். பிறந்த வீடு எது என்பதில்தான் வழக்கு.

தாய்ச்சுங் நகரத்தில் லியூ ஹான்-சியே என்பவர் 1983-ல் தொடங்கிய தேநீர்க் கடை, பின்னாளில் சுன் ஷுய் தாங் என்று பெயர் பெற்றது. ஜப்பானில் காபியைக் குளிரவைத்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். மதுக்கூடங்களில் இருக்கும் ஷேக்கரில் தேநீரையும் ஐஸையும் போட்டுக் குலுக்கி விற்றார். சுடச்சுடத் தேநீர் குடித்தே பழகிய ஊரில் அது துணிச்சலான வேலை. 1980-களின் பிற்பகுதியில் அந்தக் கடையில் பொறுப்பில் இருந்த லின் சியூ-ஹுய் என்ற பெண்மணி, பணியாளர் கூட்டம் ஒன்றில், கையில் இருந்த இனிப்பு மரவள்ளி முத்துகளைக் குளிர்ந்த தேநீரில் கொட்டிக் குடித்துப் பார்த்தார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம் என்பது அந்தக் கடையின் கதை. தெற்கே தைனான் நகரத்தில் ஹான்லின் என்ற தேநீர்க் கடை வைத்திருந்த தூ சோங்-ஹே சொல்வது வேறு. 1986-ல் உள்ளூர்ச் சந்தையில் வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த மரவள்ளி முத்துகளைப் பார்த்தபோது, தேநீரில் போடும் யோசனை முதலில் உதித்தது தனக்குத்தான் என்கிறார் அவர்.

இரண்டு தரப்பும் நீதிமன்றம் ஏறின. பத்தாண்டு இழுத்த வழக்கு 2019-ல் முடிந்தது. இது காப்புரிமை பெற்ற பொருள் அல்ல, எனவே யார் முதலில் செய்தார் என்று தீர்மானிக்க வேண்டிய தேவையே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்காடியவர்களுக்குக் கசந்திருக்கும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு கிடைக்காது. இனி இது ஊர்ப்பொது.

யார் சொல்வது உண்மையாக இருந்தாலும், இரண்டு பேருமே முத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தைவானின் இரவுச் சந்தைகளில் சீவிய ஐஸின் மேல் பாகு ஊற்றி, மரவள்ளி முத்து போட்டுச் சாப்பிடும் பழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. டீயும் இருந்தது, பாலும் இருந்தது. ஒன்றை எடுத்து இன்னொன்றில் கொட்டியதுதான் புதுமை.

சேலத்துக்காரர்கள் யாராவது அவையில் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். தைவானின் முத்தும் சேலத்து ஜவ்வரிசியும் ஒரே மாவில் பிறந்தவை. குச்சிக்கிழங்கு என்று சேலத்தில் சொல்லும் மரவள்ளியின் சொந்த மண் தென்னமெரிக்கா. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராம வர்மா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். ஆனால் அன்று நம் ஊர்ப் பாயசத்தில் மிதந்த ஜவ்வரிசி மரவள்ளியில் செய்தது அல்ல. மலாய்த் தீவுகளில் சேகோ என்ற பனை வகை மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்து, கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கப்பல்கள் நின்றன. தட்டுப்பாடு முற்றிய 1943-ஐ ஒட்டித்தான் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யும் முயற்சி வேர் பிடித்தது. 1981-ல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் உருவானது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலைப் பிழிந்து, தொட்டியில் தெளியவிட்டால் அடியில் வெள்ளை மாவு படியும். அந்த ஈர மாவை உதிர்த்து, தூளியில் இட்டு ஆட்டினால் குருணை குருணையாக உருளும். பிறகு சல்லடையில் சலித்து, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயவைப்பார்கள். சேகோ பேக்டரிகளில் பிற்பாடு இயந்திரங்கள் வந்தாலும் வேலையின் வரிசை அதேதான். வறுபடும்போது ஒவ்வொரு குருணையும் அரைகுறையாக வெந்துவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்படியானால் பாயச ஜவ்வரிசியையே டீயில் போட்டால் என்ன? போடலாம், கெட்டுப்போகாது. ஆனால் பபிள் டீ என்பது பாதி குடிப்பது, பாதி மெல்லுவது. தைவான் முத்து வெந்தபின் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும். பல்லில் பட்டால் அமுங்கிக்கொடுத்துத் திரும்ப எழும். பாயச ஜவ்வரிசி நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். ஆத்திர அவசரத்துக்கு அது பரவாயில்லை. ருசி கண்டவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே முத்தை உருட்டத்தான் வேண்டும். மேடையில் அடுப்பு வைக்க வழியில்லை என்பதால் வாயாலேயே சமைக்கிறோம்.

முதலில் மாவு. கடையில் 'மரவள்ளி மாவு' என்ற பெயரில் இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஒன்று, கிழங்கைக் காயவைத்து நாரோடு சேர்த்து அரைத்த மாவு. இன்னொன்று, பாலைப் பிழிந்து தெளியவைத்து எடுத்த வெறும் ஸ்டார்ச். முத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். பொட்டலத்தை வெளியிலிருந்து அழுத்தினால் விரலுக்கடியில் நறநறவென்று சத்தம் கொடுக்கும், வெளுப்பாக இருக்கும். ஜவ்வரிசியை மிக்சியில் போட்டுப் பொடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது ஏற்கெனவே அரைவேக்காடு கண்ட மாவு. பச்சை மாவுக்கான அளவும் பக்குவமும் அதற்குப் பொருந்தாது.

100 கிராம் ஸ்டார்ச், 50 கிராம் நாட்டுச் சர்க்கரை, 60 மில்லி தண்ணீர். இவ்வளவுதான் கணக்கு. தண்ணீரையும் சர்க்கரையையும் சின்ன வாணலியில் ஏற்றி, தளதளவென்று கொதிக்கும்போது மாவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கொட்டி, அடுப்பை அணைத்துவிட்டு, மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். கண்ணெதிரே அது பழுப்புப் பசையாகிக் கரண்டியோடு இழுபடும். உடனே மீதி மாவைப் போட்டுப் புரட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பலகையில் கொட்டிப் பிசைய வேண்டும். முதலில் பொலபொலவென்று உதிரும். சரி, கெட்டது என்று கைவிடத் தோன்றும். விடாமல் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிசைந்தால் ஒன்றுசேர்ந்து, வழவழப்பாக, மினுமினுப்பாகத் திரண்டு வரும்.

ஏன் கொதிநீர்? ஸ்டார்ச் துகள்கள் பச்சைத் தண்ணீரில் கரைவதுமில்லை, ஒட்டுவதுமில்லை, சும்மா மிதக்கும். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அவை தண்ணீரை இழுத்து உப்பி, உடைந்து, பசையாகும். கோதுமை மாவில் இழுவைக்குப் பசையம் இருக்கிறது. மரவள்ளியில் அது அறவே கிடையாது. ஆகையால் மாவில் ஒரு பங்கை வேகவைத்து அதையே பசையாக வைத்து, மீதிப் பச்சை மாவைக் கட்ட வேண்டியிருக்கிறது. கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் வெந்நீர் ஊற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான், நம் பாட்டிமார் காரணம் சொல்லாமலேயே செய்தார்கள். ஆறிய தண்ணீரை ஊற்றிவிட்டால் விபரீதமாக ஒன்று நடக்கும். கையில் எடுத்து அழுத்தினால் கல்லாக இறுகும். கையை விரித்தால் விரலிடுக்கில் பாலாக வழியும். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட உதவும், முத்துக்கு உதவாது.

திரண்ட மாவை மெல்லிய கயிறாக உருட்டி, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஏழு, எட்டு மில்லிமீட்டர் உருண்டையாக்க வேண்டும். வெந்தால் பெரிதாகும் என்பதால் இப்போதே பெரிதாக உருட்டிவிடக் கூடாது. இந்த அளவு மாவில் நூற்றுக்கணக்கான உருண்டைகள் வரும். பொய் சொல்வானேன், அலுப்பான வேலைதான். தொலைக்காட்சியின் முன்னால் வீடே உட்கார்ந்து உருட்டினால் அலுப்புத் தெரியாது. எல்லாவற்றின் மேலும் காய்ந்த ஸ்டார்ச்சைத் தூவிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வேகவைக்காத முத்தை இப்படியே டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது எடுத்து அப்படியே கொதிநீரில் போடலாம். அடுக்கிவைக்க முடியாதது வெந்த முத்துதான், பச்சை முத்து அல்ல.

வேகவைக்கத் தண்ணீர் தாராளமாக வேண்டும், முத்தைப்போல் பத்து மடங்கு. தண்ணீர் குறைந்தால் கரைந்த மாவில் எல்லாம் கூழாகிப்போகும். நன்றாகக் கொதிக்கும்போது போட்டு, அடியில் ஒட்டாமல் ஒருமுறை கிளறிவிட்டால் சற்று நேரத்தில் மேலே மிதந்து வரும். மிதந்தது வெந்ததற்கு அடையாளம் இல்லை. பலர் ஏமாறும் இடம் இது. மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து மூடிபோட்டு இன்னொரு 20 நிமிடம். கடையில் வாங்கிய காய்ந்த முத்து என்றால் இரண்டுமே அரை மணி நேரம் வரை போகும். சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்துக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே இன்னும் பச்சை. ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும்படி இருந்தால் பக்குவம். வடித்துக் குளிர்ந்த நீரில் அலசினால் மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பு போய்விடும்.

அலசிய கையோடு பாகில் போட வேண்டும். தைவானில் கரும்புச் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். தாய்ச்சுங்கில் 2017-ல் தொடங்கிய டைகர் சுகர் என்ற கடை, கண்ணாடிக் கோப்பையின் உட்புறம் அந்தப் பாகை வரிவரியாக வழியவிட்டே உலகப் புகழ் பெற்றுவிட்டது. நம் வீட்டில் பனங்கருப்பட்டி இருந்தால் அதைவிட மேலான பாகு இல்லை என்பது இந்தப் பேச்சாளரின் தீர்ப்பு. கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பதத்துக்குச் சற்று முன்பே இறக்கிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: வெல்லமும் கருப்பட்டியும் சூடான பாலைத் திரித்துவிடும். பாகு ஆறட்டும், பாலும் குளிர்ந்திருக்கட்டும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். வெந்த ஸ்டார்ச் ஆற ஆற, பிரிந்து கிடந்த அதன் சங்கிலிகள் மறுபடி நெருங்கிச் சேர்ந்து தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கும். முத்து வெளியே தளர்ந்து உள்ளே விறைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்போம். அந்தக் குளிரில்தான் இது இன்னும் வேகமாக நடக்கும். மறுநாள் எடுத்தால் முத்து நடுவில் சுண்ணாம்புக் கட்டிபோல் நொறுங்கும். நல்ல கடைகளில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மீந்த முத்தைக் கொட்டிவிட்டுப் புதுப் பானை ஏற்றுவது தொழில் வழக்கம். ஏற்றாத கடையில் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கடிகாரத்தை ஏமாற்ற நினைத்ததில் வந்த வினையும் உண்டு. 2013 மே மாதம் தைவானில் பெரிய பரபரப்பு. உணவில் சேர்க்க அனுமதி இல்லாத மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளால் பக்குவப்படுத்திய ஸ்டார்ச், முத்து உட்பட பல தின்பண்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. மாவுக்கு இழுவையும் மெல்லும் சுகமும் கூடும் என்பதற்காகச் சேர்த்திருந்தார்கள். சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன. சிங்கப்பூரும் தைவான் பொருள்கள் சிலவற்றைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. வீட்டில் மெல்லும் சுகத்துக்கு மருந்து எதுவும் வேண்டாம். அப்போதே வேகவைத்து அப்போதே சாப்பிட்டால் போதும்.

தேநீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நம் வழக்கப்படி பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்ட டீ, ஐஸ் போட்டால் ஏடு கட்டி, காய்ச்சிய பால் வாடை அடிக்கும். டிகாக்ஷனைத் தனியே இறக்க வேண்டும்: இரண்டு கோப்பைக்கு 300 மில்லி கொதிநீர், 12 கிராம் இலைத் தேயிலை, ஐந்து நிமிடம். டஸ்ட் டீ என்றால் மூன்று நிமிடம் போதும். ஐஸ் உருகி நீர்த்துப்போகும் என்பதால் கை தாராளமாக இருக்கலாம். தைவானில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அஸ்ஸாம் தேயிலையைக் கொண்டுபோய் சன் மூன் ஏரியின் கரையில் பயிரிட்டார்கள், அந்த வட்டாரத்துக் கறுப்புத் தேநீருக்கு இன்றும் நல்ல பெயர். நமக்கு நீலகிரி இருக்கிறது. குளிரவைத்தாலும் அவ்வளவாகக் கலங்காது என்பது தேயிலை வணிகத்தில் அதற்குள்ள பழைய நற்பெயர். இலங்கை மலையகத் தேயிலை கிடைத்தால் நிறமும் கூடும்.

பாலில் ஒரு ரகசியம். தைவானின் பல கடைகளில் பால் ஊற்றுவதில்லை. பாலில்லாத க்ரீமர் தூள்தான். பால் ஊற்றினால் டீ நீர்த்துப்போகும், தூள் நீர்க்கவைக்காது, விலையும் குறைவு. வீட்டில் அந்தத் தூளைத் தேடிப் போக வேண்டாம். காய்ச்சி ஆறிய கெட்டிப் பாலில் இரண்டு தேக்கரண்டி பால் பவுடரைக் கரைத்துக்கொண்டால் அதே திடம் வரும். மூடி இறுக்கமான எவர்சில்வர் பாட்டிலில் ஆறிய டிகாக்ஷன், பால், நிறைய ஐஸ் போட்டு, கை மரத்துப்போகும் வரை, அதாவது கால் நிமிடம், குலுக்கினால் நுரை தானாக வரும். கொதிக்கும் டீயை மூடிக் குலுக்க வேண்டாம், மூடி தெறிக்கும்.

சர்க்கரையில்தான் வீட்டின் வெற்றி முழுமை பெறுகிறது. தைவான் கடைகளில் முழு இனிப்பு, முக்கால், அரை, கால், இனிப்பே இல்லாதது என்று கேட்டு வாங்கலாம். சிங்கப்பூர் அரசு அதோடு விடவில்லை. பொட்டலத்தில் வரும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் அப்போதே கலந்து கொடுப்பவற்றுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் நியூட்ரி-கிரேடு என்ற தரக்குறியைக் கட்டாயமாக்கியது. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அதற்கு 'டி' தரம்; அதை விளம்பரம் செய்யவும் தடை. அரை லிட்டர் கோப்பையில் அந்த எல்லையைத் தொட்டாலே 50 கிராம் சர்க்கரை ஆகிறது. ஒரு பெரியவர் நாளெல்லாம் சேர்த்துச் சாப்பிடும் கூடுதல் சர்க்கரை அதற்குள்தான் இருக்க வேண்டும், முடிந்தால் அதிலும் பாதியாக இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வீட்டில் டீயில் சர்க்கரையே போடாமல், முத்து ஊறிய பாகை மட்டும் விட்டுக் குடித்துப் பாருங்கள். இனிப்பு முத்தில் இருக்கிறது, டீ டீயாக இருக்கிறது. பல கடைகளில் இந்த வித்தியாசமே தெரியாது.

கடைசியாக ஸ்ட்ரா. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. முத்து போகும் அளவுக்கு அகலமான காகித ஸ்ட்ரா எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பாதியில் நைந்துவிடும். எவர்சில்வரில் அகலமான குழல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நீளக் கைப்பிடி உள்ள ஐஸ்கிரீம் கரண்டியே போதும்.

பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. அகலக் குழலில் வேகமாக உறிஞ்சும்போது முத்து நேரே தொண்டைக்குப் பாயும், சிறு பிள்ளைகளுக்கு மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2012-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. மழலைகளுக்கு முத்தே வேண்டாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் கேட்டால் குழலை எடுத்துவிட்டு, உட்காரவைத்து, கரண்டியால் ஒவ்வொன்றாக மென்று சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.